வீட்டுக்கு என்ன விலை சொல்வது? கொங்குப் பக்கம் வீடு விற்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வீட்டை விற்கலாம் என்று பேச்செடுத்த அன்றைக்கே வீட்டுக்குள் ஒரு விலை பிறந்துவிடுகிறது. அடுத்த வீதியில் ஒருவர் ஒன்றேகால் கோடிக்குக் கொடுத்தாராம், நம்முடையது கார்னர் சைட், அப்போ ஒன்றரை சொல்லலாம் என்று மச்சான் ஒரு கணக்குச் சொல்வார். கடனை அடைக்க வேண்டும், பெண் கல்யாணத்துக்கு எடுத்து வைக்க வேண்டும், அதெல்லாம் போக இவ்வளவு மிஞ்சினால்தான் ஆகும் என்று இன்னொரு கணக்கும் ஓடும். இரண்டையும் ஓரமாக வையுங்கள். ஒன்று காதில் விழுந்த விலை, இன்னொன்று உங்கள் தேவை. வாங்க வருபவர் இரண்டுக்கும் பணம் தரப்போவதில்லை.

அவர் வாசலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே "இந்த ரேட் எப்படிங்க வருது?" என்று கேட்பார், கட்டாயம் கேட்பார். அப்போது ஒரு தாளை எடுத்து, இடம் இத்தனை சென்ட், சென்ட் இவ்வளவு, கட்டடம் இத்தனை சதுர அடி, பழசானதற்குக் கழித்தது போக இவ்வளவு என்று எழுதிக் காட்ட முடிகிற விலையாக உங்கள் விலை இருக்க வேண்டும். நான் சொல்ல வருவது முழுக்க இதுதான். அந்தத் தாளை எப்படித் தயார் செய்வது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: விற்பது என்னவென்று அளந்து பாருங்கள்

பத்திரத்தில் ஓர் அளவு, பட்டாவில் ஓர் அளவு, நேரில் டேப் பிடித்தால் மூன்றாவது ஓர் அளவு. இந்த மூன்றும் ஒத்துப்போகிற வீடுகள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. சென்ட் பன்னிரண்டு லட்சம் போகிற இடத்தில் கால் சென்ட் குறைந்தாலே மூன்று லட்சம் போச்சு. ரோட்டுக்கு விட்டது, பக்கத்துச் சைட்காரர் சுவர் கட்டும்போது அரையடி உள்ளே வந்தது, இதெல்லாம் வாங்குபவரின் சர்வேயர் அளக்கும்போதுதான் தெரியவருகிறது என்றால் பேரத்தில் பிடி அவர் கைக்குப் போய்விடும். நீங்களே முதலில் அளந்து, மூன்றில் குறைந்த அளவை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அளவோடு காகிதத்தையும் பாருங்கள். பட்டா தனிப் பட்டாவா, கூட்டுப் பட்டாவா? கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவு செய்து வாங்கிவிட்டு விலை சொல்லுவது நல்லது, ஏனென்றால் கூட்டுப் பட்டாவைப் பார்த்ததும் வாங்குபவர் மனதுக்குள் இரண்டு மூன்று லட்சத்தைக் கழித்துவிடுகிறார். சைட் அனுமதி பெற்ற மனைப்பிரிவில் இருக்கிறதா? அனுமதி இல்லாத மனைப்பிரிவு என்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் பதிவான மனைகளுக்கு அரசு அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது, அதில் உங்கள் சைட் வரன்முறை ஆகியிருந்தால் அந்த ஆணையின் நகல் கையில் இருக்கட்டும். கட்டட வரைபட அனுமதி இருக்கிறதா, மேல் மாடி அந்த அனுமதிக்குள் வருகிறதா? வங்கி இதையெல்லாம் கேட்கும். இல்லையென்றால் கடன் வாங்கி வாங்குகிற கூட்டம் முழுக்க விலகிப் போய், கையில் ரொக்கமாக வைத்திருப்பவர் மட்டும்தான் மிஞ்சுவார். அவர் விலையை எவ்வளவு அமுக்குவார் என்பது உங்களுக்கே தெரியும்.

அப்புறம் கையெழுத்து. அப்பா பெயரில் இருந்து பாகப்பிரிவினை ஆகாத வீடு என்றால் அக்கா தங்கைகளை முதலில் உட்கார வைத்துப் பேசுங்கள். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது, 2005-இல் நாடு முழுக்க வந்தது. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் போன வீட்டிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. "அவங்களுக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பிட்டமே" என்ற பேச்சு சார்பதிவாளர் அலுவலகத்தில் செல்லாது, செல்லவும் கூடாது. அவர்கள் பங்கு அவர்களுடையது. எல்லோரும் கையெழுத்துப் போடச் சம்மதித்த வீட்டுக்கும், "ஒரு தங்கச்சி மட்டும் கொஞ்சம் யோசிக்குது" என்கிற வீட்டுக்கும் ஒரே விலை கிடைக்காது. சரியாகச் சொன்னால் இரண்டாவது வீட்டுக்கு இன்னும் விலையே இல்லை.

இரண்டாம் படி: வழிகாட்டி மதிப்பு

பதிவுத்துறையின் இணையதளத்தில் உங்கள் தெருவுக்கோ புல எண்ணுக்கோ (சர்வே நம்பர்) என்ன வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரச் செலவைக் கணக்கிட அரசு வைத்திருக்கும் விலை, என்று இலவசமாகப் பார்க்கலாம். 2017-இல் இதை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023-இல் பழையபடி உயர்த்தினார்கள், 2024 ஜூலையில் மறுபடி திருத்தினார்கள். அதனால் பழைய பத்திரத்தில் இருக்கும் மதிப்பை வைத்துப் பேசாமல் இன்றைக்கு என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

இது சந்தை விலை அல்ல. ஆனாலும் இரண்டு காரணங்களுக்காகத் தேவை. வாங்குபவர் முத்திரைத்தாள் 5, சொத்து மாற்ற வரி 2, பதிவுக் கட்டணம் 2 ஆக 9 சதவீதம் கட்ட வேண்டும், விற்கும் விலை இந்த மதிப்புக்குக் கீழே இருந்தாலும் இந்த மதிப்புக்குத்தான் கட்ட வேண்டும். உங்கள் பக்கத்திலும் ஒரு சங்கதி உண்டு: விலை இதைவிட மிகவும் குறைந்து, வழிகாட்டி மதிப்பு உங்கள் விலையின் 110 சதவீதத்தைத் தாண்டினால், கைக்கு வராத பணத்துக்கும் சேர்த்து வருமான வரிக் கணக்கு ஓடும். பொதுவாகச் சந்தை விலை மேலேதான் இருக்கும், ஆனால் மெயின் ரோட்டு மேல் இருக்கும் சில புல எண்களில் தலைகீழாக இருப்பதும் உண்டு.

மூன்றாம் படி: பக்கத்தில் உண்மையில் என்ன விலைக்குக் கிரயம் ஆனது?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். இணையத்தில் விளம்பரங்களில் இருப்பதெல்லாம் சொல்லும் விலை, படிந்த விலை இல்லை. சரவணம்பட்டியில் ஒரே மாதிரி நாலு வீடு ஒன்றே கால் கோடி என்று போட்டிருந்தால், ஒன்றே கால் கோடிக்கு இன்னும் யாரும் வாங்கவில்லை என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரிகிறது.

படிந்த விலையைப் பார்க்க நல்ல வழி வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானங்களின் பட்டியல். அதே பதிவுத்துறைத் தளத்தில் உங்கள் கிராமத்தையும் பக்கத்துப் புல எண்ணையும் கொடுத்துக் கடைசி இரண்டு மூன்று வருஷத்துக்குத் தேடுங்கள். வருகிற பட்டியலில் ஒவ்வொரு கிரயத்துக்கும் தேதி, விஸ்தீரணம் (பரப்பளவு), கைமாற்றுத் தொகை (பத்திரத்தில் எழுதிய விலை), சந்தை மதிப்பு என்று தனித்தனியாக இருக்கும். பெயர்கள் நமக்கு வேண்டாம். கைமாற்றுத் தொகையை விஸ்தீரணத்தால் வகுத்து எழுதி வாருங்கள். சில கிரயங்களில் தொகை அப்படியே வழிகாட்டி மதிப்பிலேயே நிற்கும், அவற்றை நம்பாதீர்கள், விலையைக் குறைத்துக் காட்டியிருக்க வாய்ப்புண்டு. மற்றக் கிரயங்களில், கிரயத்துக்குக் கீழேயே ஒரு வங்கியின் பெயரில் அடமானமும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கடன் வாங்கி வாங்கியவர் விலையைக் குறைத்துக் காட்டினால் அவருக்குக் கடனும் குறையும் என்பதால், அந்தத் தொகை பெரும்பாலும் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். அப்படி ஐந்தாறு கிரயம் கிடைத்தால் போதும், உங்கள் பகுதியின் சென்ட் விலை பிடிபட்டுவிடும்.

கூடவே வங்கிகளுக்கு மதிப்பீடு செய்து கொடுக்கும் பொறியாளர் ஒருவரிடம் பணம் கொடுத்து உங்கள் வீட்டை மதிப்பிடச் சொல்லுங்கள். நாளைக்கு வாங்குபவரின் வங்கி அனுப்பப்போவதும் இப்படி ஒருவரைத்தான். புரோக்கர்களிடமும் கேளுங்கள், ஆனால் "என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்காமல் "இந்த ஆறு மாசத்துல இந்த வீதியில நீங்க முடிச்சுக் குடுத்தது என்ன விலைங்க?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு உங்களுக்குப் பிடித்த பதில் வரும், இரண்டாவதற்குத்தான் உபயோகமான பதில் வரும்.

நான்காம் படி: இடத்தையும் கட்டடத்தையும் பிரித்துக் கணக்குப் போடுங்கள்

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஐந்து சென்ட், 1,400 சதுர அடி, 15 வருஷம் ஆன காங்கிரீட் வீடு. வில்லங்கத்தில் பார்த்துத் தேறிய விலை சென்ட் 12 லட்சம் என்று வைத்துக்கொண்டால் இடம் 60 லட்சம். இன்று அதே தரத்தில் கட்டச் சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றால் புதுசாகக் கட்ட 30.8 லட்சம். கட்டடத்தின் ஆயுளை 60 வருஷம் என்றும் கடைசியில் 10 சதவீதம் மிஞ்சும் என்றும் வைத்தால், வருஷத்துக்கு 1.5 சதவீதம் தேய்மானம், 15 வருஷத்துக்கு 22.5 சதவீதம். கிட்டத்தட்ட 6.9 லட்சம் கழித்தால் கட்டடம் 23.9 லட்சம். ஆக மொத்தம் 84 லட்சம்.

பலரும் சண்டைக்கு வருவது இந்தக் கட்டடக் கணக்கில்தான். "கதவு எல்லாம் தேக்குங்க, கிச்சனுக்கு மட்டும் நாலு லட்சம் போட்டோம்" என்பார்கள். போட்டது உண்மை, பார்த்துப் பார்த்துக் கட்டியதும் உண்மை. ஆனால் வாங்குபவர் அந்தக் கிச்சனை இடித்துவிட்டுத் தன் வீட்டம்மாவுக்குப் பிடித்த மாதிரி வைக்கப்போகிறார். உள் அலங்காரத்துக்குப் போட்ட பணத்தில் பாதி திரும்பி வந்தாலே பெரிசு, அதனால் அதைத் தாளில் தனியாக எழுதாமல் பேரத்தில் விட்டுக்கொடுக்காமல் நிற்பதற்கான காரணமாக வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் தாண்டிய ஓட்டு வீடு, கீற்றுக் கொட்டகை எல்லாம் இடத்து விலைக்குத்தான் போகும். இடிக்கும் கூலியையும் கழித்துக் கேட்பார்கள்.

அபார்ட்மெண்ட் என்றால் கணக்கு வேறு. அங்கே பிரிபடாத பாகம், அதாவது மொத்த இடத்தில் உங்கள் பங்கு, எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பார்த்துவிட்டு, அதே கட்டடத்தில் கடைசியாகக் கைமாறிய வீட்டின் விலையை வைத்துப் பேசுங்கள். திருப்பூர்ப் பக்கம் லைன் வீடு (வரிசையாகக் கட்டிய சிறு வாடகை வீடுகள்) விற்பவர்கள் வாடகையை வைத்துப் பேச வேண்டும், ஏனென்றால் வாங்குபவர் பார்ப்பது அதை மட்டும்தான். பன்னிரண்டு மாத வாடகையில் வரி, பராமரிப்பு, காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் கழித்து மீதியைக் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: நம்ம ஊரில் விலையை ஏற்றுவதும் இறக்குவதும்

முதல் இடம் தண்ணீருக்கு. ஆயிரம் அடி தாண்டிப் போர் போட்டும் காற்று மட்டும் வருகிற ஊர்கள் நம் பக்கம் நிறைய இருக்கின்றன, அதனால் வருபவர் சமையலறைக்குப் போகும் முன்னாலேயே மோட்டாரைப் போடச் சொல்வார். போர் எத்தனை அடி, சித்திரையில் எத்தனை நேரம் ஓடுகிறது, நல்ல தண்ணீரா உப்பா என்று எழுதி வையுங்கள். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் இணைப்பு என்றால் அதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள், அந்தப் பேருக்கே மதிப்பு இருக்கிறது.

அடுத்தது ரோடு. முப்பதடி ரோட்டுக்கும் பதினாறு அடிச் சந்துக்கும் சென்ட் விலையே மாறும், ஆகவே நீங்கள் ஒப்பிட்ட கிரயங்கள் உங்கள் ரோட்டு அகலத்திலேயே இருந்தவைதானா என்று திரும்பவும் சரிபாருங்கள். கிழக்கு, வடக்கு வாசலுக்குத் தேடி வருகிறார்கள். தெற்கு வாசலுக்கும், தெரு நேராக வந்து முட்டும் தெருக்குத்து வீட்டுக்கும் வருபவர் குறைவு. உங்களுக்கு வாஸ்துவில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வாங்குபவர்களில் பாதிப் பேர் விலகினால் விலை குறையும், அதை மறுத்துப் பயனில்லை. சோமனூர், பல்லடம் பக்கம் ஒட்டினாற்போல் தறிக்கூடம் இருந்தால் இரவெல்லாம் சத்தம், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை அருகில் இருந்தால் ஈயும் வாடையும். இதையெல்லாம் மறைக்க முடியாது, விலையில்தான் சரிசெய்ய வேண்டும்.

இந்த மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு லட்சம் கூட்டிக் கழித்து, ஒரே எண்ணாக இல்லாமல் ஒரு வரம்பாக எழுதுங்கள். நம் கணக்கு வீட்டுக்கு 81-இலிருந்து 86 என்று வைத்துக்கொள்வோம்.

ஆறாம் படி: வாங்குபவரின் கையில் எவ்வளவு வேண்டும்?

இதைப் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, மதிப்பில் 80 சதவீதம் வரைதான் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. 84 லட்சத்துக்குப் படிந்தால் கடன் 67.2 லட்சம், மீதி 16.8, பத்திரச் செலவு 9 சதவீதம் 7.56, ஆக அவர் கையில் 24 லட்சத்துக்கு மேல் வேண்டும். வங்கியின் மதிப்பீட்டாளர் 78 என்று எழுதிவிட்டால் கடன் 62.4 ஆகிவிடும், அவர் கூடுதலாக 4.8 லட்சம் புரட்ட வேண்டும். விலை ஒத்து வந்தும் கடைசி நேரத்தில் முறிந்துபோகிற வியாபாரங்களில் பல இங்கேதான் முறிகின்றன. மூன்றாம் படியில் மதிப்பீட்டாளரிடம் போகச் சொன்னது இதற்காகத்தான்.

"பாதி வெள்ளையா, பாதி ரொக்கமா" என்று கேட்பவர்கள் வருவார்கள். வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாக வாங்கவே சட்டம் இடம் தரவில்லை, வாங்கிய தொகை அளவுக்கு அபராதம் உண்டு. அந்தப் பேச்சை வைத்து விலை போடாதீர்கள்.

ஏழாம் படி: உங்கள் கைக்கு எவ்வளவு வரும்?

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், மூலதன ஆதாய வரியை (விற்ற லாபத்துக்கான வரி) இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்துக் குறைந்ததைக் கட்டலாம்: வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திப் போடும் பணவீக்கக் குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம், குறியீட்டோடு 20 சதவீதம். நம் வீட்டுக்கு 2010-11-இல் மொத்தம் 25 லட்சம் செலவானது என்றால், முதல் முறையில் 84-இல் 25 போக ஆதாயம் 59 லட்சத்துக்கு 7.4 லட்சம் வரி. குறியீடு அந்த வருஷம் 167, 2025-26-இல் 376, அதன்படி அடக்கவிலை 56.3 லட்சமாகி, வரி 5.5 லட்சம் ஆகிறது. ஏறத்தாழ இரண்டு லட்சம் வித்தியாசம். வேறு வீடு வாங்கினால் வரிவிலக்கு உண்டு, அதையும் ஆடிட்டரிடம் இப்போதே கேளுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக்கொண்டு உங்கள் பேரில் வரியாகக் கட்டுவார். புரோக்கர் கமிஷன் ஒன்றா இரண்டா என்றும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

இந்தச் செலவையெல்லாம் விலைமேல் ஏற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இந்தக் கணக்கு, விற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க மட்டும்தான்.

எட்டாம் படி: மூன்று எண்கள்

இப்போது ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள். சொல்லும் விலை, எதிர்பார்க்கும் விலை, இதற்குக் கீழே போகமாட்டோம் என்கிற விலை. நம் வீட்டுக்கு 87, 84, 81. பேரத்துக்கு மூன்று நாலு சதவீதம் இடம் விட்டால் போதும். நம்ம ஊரில் பேரம் பேசாமல் யாரும் வாங்கமாட்டார்கள் என்பதற்காக 84 வீட்டுக்கு நூறு சொன்னால், வாங்கக் கூடியவர் 84-க்குக் கேட்டால் தப்பாக நினைப்பார்களே என்று கேட்காமலே போய்விடுவார். 65-க்குக் கேட்கத் தயங்காதவர் மட்டும் திரும்ப வருவார்.

இணையத்தில் தேடுகிறவர்கள் 75 லட்சம் வரை, ஒரு கோடி வரை என்று எல்லை வைத்துத் தேடுகிறார்கள். உங்கள் வரம்பு ஒரு கோடியை ஒட்டி இருந்தால் ஒரு கோடியே இரண்டு லட்சம் என்று போடுவதைவிட 99 என்று போட்டால் பார்ப்பவர்கள் அதிகம். முக்கியமாக, வீட்டில் எல்லோரும் எல்லாப் புரோக்கரிடமும் ஒரே விலையைச் சொல்லுங்கள். அண்ணன் 87 என்று சொல்லி, தம்பி 83-க்கு முடிக்கலாம் என்று இன்னொருவரிடம் சொல்லியிருந்தால் ஒரே வாரத்தில் 83 தான் உங்கள் சொல்லும் விலை. "கடைசி விலை சொல்லுங்க" என்று போனில் கேட்பவர்களுக்கு, "வந்து வீட்டைப் பாருங்க, பிடிச்சிருந்தா உக்காந்து பேசிக்கலாங்க" என்பதோடு நிறுத்துங்கள்.

ஒன்பதாம் படி: சொன்ன பிறகு

ஆடியிலும் மார்கழியிலும் விளம்பரம் போட்டு, யாரும் வரவில்லை என்று விலையைக் குறைக்காதீர்கள். தை, சித்திரை, ஆவணி மாதிரியான மாதங்களில் தொடங்கி ஆறு வாரம் பாருங்கள். வந்து பார்க்கிறார்கள், பிடித்திருக்கிறது என்கிறார்கள், ஆனால் யாரும் விலை கேட்கவில்லை என்றால் விலை கொஞ்சம் கூட இருக்கிறது. பார்க்கவே வரவில்லை என்றால் ஒன்று விலை மிகவும் கூட, இல்லை விளம்பரத்தில் படமும் விவரமும் சரியில்லை. மூன்று பேர் தனித்தனியாக ஒரே எண்ணுக்குப் பக்கத்தில் கேட்டால், உங்கள் கணக்கை எடுத்து வைத்து எந்த வரி தப்பு என்று தேடுங்கள், பெரும்பாலும் சென்ட் விலைதான் தப்பாக இருக்கும்.

குறைப்பதென்றால் ஒரே தடவையாக, மூன்று நாலு சதவீதம் குறையுங்கள். மாதம் ஐம்பதாயிரம் என்று இறக்கிக்கொண்டே போனால் இன்னும் இறங்கும் என்று காத்திருப்பார்கள், வருஷம் தாண்டினால் "அது அடிபட்ட சொத்துங்க, என்னமோ வில்லங்கம் இருக்கும்" என்ற பேச்சும் வந்துவிடும். எதிர்பார்த்த விலைக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து, அவருக்குக் கடன் கிடைக்கும் என்று வங்கியின் கடிதமும் வைத்திருந்தால், இன்னும் ஒரு லட்சம் கூட வருமா என்று இழுக்காமல் முன்பணத்தை வங்கி வழியாக வாங்கிக்கொண்டு, எத்தனை மாதத்துக்குள் கிரயம் என்று தேதி போட்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.